சுவிட்ச் பெட்டிக்குச் சுவரை ஓரம் பெயராமல் வெட்டுவது எப்படி?

வீரவநல்லூர் வாசகி:

அனைவருக்கும் வணக்கம். வீரவநல்லூரில் உள்ள எங்கள் குடும்ப வீட்டின் வயரிங்கை முழுவதுமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். தார்சாவும் (முன்கூடம்) அதை ஒட்டிய இரண்டு அறைகளும் தாத்தா காலத்துக் காரைக் கட்டடம். ஒன்றரை அடிக் கனமுள்ள செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. பின்கட்டில் இருக்கும் அடுக்களையும் படுக்கையறையும் பிற்காலத்தில் சிமெண்டு வைத்துக் கட்டியவை. அவ்விரண்டுக்கும் இடையில் உள்ள சுவர் நாலரை அங்குலம்தான். இதுவரை மரப்பட்டியின் மேல் ஓடிக்கொண்டிருந்த கம்பிகளை எடுத்துவிட்டு, பைப்பையும் பெட்டிகளையும் சுவருக்குள் பதிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

வேலைக்கு வந்தவர் மாதிரிக்காகப் படுக்கையறையின் வெளிச்சுவரில் இரண்டு பெட்டிகளுக்குப் பள்ளம் எடுத்தார். சுவர் வெட்டும் கிரைண்டரால் நான்கு பக்கமும் கோடு இழுத்து, நடுப்பகுதியைப் பெரிய ஹாமர் மெஷினால் உடைத்தார். இப்போது ஒவ்வொரு மூலையிலும் வெட்டுக்கோடு பெட்டியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டு நிற்கிறது. பெட்டியின் மேலே வரும் சுவிட்ச் பிளேட் அதை மறைக்கவில்லை. ஒரு பெட்டிக்கு மேற்புறத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்துவிட்டது. பள்ளம் பெரிதாகிவிட்டதால் பெட்டி உள்ளே ஆடுகிறது. பட்டி (புட்டி) பார்த்தால் எல்லாம் மறைந்துவிடும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஓரம் சிதையாமல் பள்ளம் எடுப்பதற்கு எந்தக் கருவியை எந்த வரிசையில் பயன்படுத்த வேண்டும் என்பதையும், பெட்டியை ஆடாமலும் சாயாமலும் பதிப்பது எப்படி என்பதையும், பழைய காரைச் சுவருக்கும் இதே முறை பொருந்துமா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

அம்பை மின்பணியாளர்:

அக்கா, வணக்கம். வேலையை நிறுத்தியது நல்ல முடிவு. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வீட்டு வயரிங் செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கிரைண்டரின் தகடு வட்டமானது; நமக்கு வேண்டிய பள்ளமோ நான்கு மூலை கொண்டது. மூலையில் கோடு நீள்வதற்குக் காரணம் இதுதான். 100 மி.மீ. விட்டமுள்ள தகட்டை வைத்து மூலை வரை 20 மி.மீ. ஆழம் வெட்டினால், சுவரின் மேற்பரப்பில் அந்தக் கோடு மூலையைத் தாண்டி 40 மி.மீ. போய்விடும், 10 மி.மீ. ஆழம் போதும் என்றாலும் 30 மி.மீ. தாண்டும். பிளேட் பெட்டியின் ஓரத்துக்கு வெளியே மறைப்பதோ ஒவ்வொரு பக்கமும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகவே மூலையைக் கிரைண்டராலேயே முடிக்க முயன்றால், எவ்வளவு கைத்திறன் உள்ளவர் வெட்டினாலும் கோடு வெளியே தெரியத்தான் செய்யும்.

அதற்காகக் கிரைண்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோட்டுக்கு உள்ளேயே நின்று வெட்டினால், 75 மி.மீ. நீளமுள்ள பக்கத்தின் நடுவில் அதே தகடு ஏறத்தாழ 17 மி.மீ. வரை இறங்கும், மூலையை நெருங்க நெருங்க ஆழம் குறைந்து, மூலையில் ஒன்றுமில்லாமல் போகும். வீட்டின் உட்புறப் பூச்சு வழக்கமாக 12 முதல் 15 மி.மீ. வரை இருப்பதால், பக்கத்தின் நடுப்பகுதியில் பூச்சு முழுவதும் அறுபட்டுவிடுகிறது. கிரைண்டரிடம் நாம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: உள்ளே உடைக்கும்போது எழும் அதிர்ச்சி வெளியில் இருக்கும் பூச்சுக்குப் போகாதபடி, இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிட வேண்டும். மிஞ்சிய மூலைகளை டிரில் பார்த்துக்கொள்ளும்.

வெட்டுவதைவிட வரைவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெட்டியின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் மாறும் என்பதால், எந்த நிறுவனத்தின் பிளேட் என்பதை முதலில் முடிவு செய்து, பெட்டியையும் பிளேட்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் சுவரில் பென்சில் வைக்க வேண்டும். அறை முழுவதற்கும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய்) ஒரே மட்டக்கோடு அடித்து, எல்லாப் பெட்டிகளின் உயரத்தையும் அந்தக் கோட்டிலிருந்தே அளக்க வேண்டும். தரையிலிருந்து ஒவ்வொன்றாக அளந்தால், தரையில் உள்ள ஏற்ற இறக்கம் அப்படியே பெட்டிகளிலும் வந்துவிடும். தரைக்கு டைல்ஸ் போடப் போகிறீர்கள் என்றால் அதன் கனத்தையும் அடியில் வரும் சாந்தின் கனத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெட்டியைச் சுவரில் வைத்து, ரசமட்டம் பார்த்து, அதைவிடச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதலாக ஒரு கட்டம் வரையுங்கள். அதே நடுப்புள்ளியில் பிளேட்டை வைத்து வெளியே மெல்லியதாக இன்னொரு கட்டம் வரையுங்கள். உள்கட்டத்தில்தான் வெட்டு; வெளிக்கட்டத்துக்குள் எங்காவது சிறு பொருக்கு உதிர்ந்தாலும் பிளேட் மறைத்துவிடும், அதைத் தாண்டக் கூடாது என்பது வேலை செய்பவரின் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டிருக்கும்.

அடுத்தது துளைகள். 6 அல்லது 8 மி.மீ. கான்கிரீட் பிட்டில், நுனியிலிருந்து 55 மி.மீ. தள்ளி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக வரும். பெட்டி 50 மி.மீ. ஆழம் என்று வைத்துக்கொண்டு, பின்னால் 5 மி.மீ. சாந்து நிற்பதற்காக இந்தக் கணக்கு. நான்கு மூலைகளிலும் கோட்டைத் தொட்டும் தாண்டாமலும் ஒவ்வொரு துளை. பிறகு ஓரம் நெடுக விரல் அகலத்துக்கு ஒன்று. கடைசியாக நடுவிலும் நெருக்கமாகச் சில. பூச்சைக் கடக்கும் வரை டிரில்லில் ஹாமர் இயக்கத்தை நிறுத்தி வெறும் சுழற்சியில் விடுங்கள். செங்கல்லைத் தொட்ட பிறகு ஹாமரை இயக்கலாம். இந்த ஒரு பழக்கத்தால் மட்டுமே பாதிக்கு மேற்பட்ட சிதைவு நின்றுவிடும் என்பது என் அனுபவம். பிறகு கூர்மையான தட்டை உளியால் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கி வர வேண்டும். உளியைப் பூச்சின் ஓரத்தில் சாய்த்து நெம்பக் கூடாது. சுவர் உடைக்கும் பெரிய ஹாமர் மெஷினுக்கு இந்த வேலையில் இடமே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கம்பி ஓடும் சுவரில் கை வைப்பதற்கு முன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது; வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் லைனில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். அதையும் அணைத்து, டெஸ்டரால் தொட்டுப் பார்த்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். கருவிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக எடுங்கள். கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்ய யாரையும் அனுமதிக்காதீர்கள்.

சேரன்மகாதேவி கொத்தனார்:

அம்பைத் தம்பி சொன்னது சிமெண்டுச் சுவருக்கு முற்றிலும் சரி. தார்சா சுவருக்கு அந்த முறையை அப்படியே கொண்டுபோக வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

காரைச் சுவரில் பூச்சு கனமானது. பல இடங்களில் ஒரு அங்குலத்துக்கு மேலும் இருக்கும். மேற்பூச்சு தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கப்பட்டது. அந்தக் காலத்தில் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசியிருப்பார்கள். அந்த மினுமினுப்பை இன்றைய பட்டியால் கொண்டுவர முடியாது. ஆகவே அங்கே பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். முதலில் பெட்டி வர வேண்டிய இடத்தைச் சுற்றி இரண்டடிக்கு விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். திண்ணென்று ஒலித்தால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொக்கென்று ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. மெஷின் அதிர்ந்தால் பலகையளவு இறங்கிவிடும். அத்தகைய இடத்தை விட்டுப் பெட்டியை ஒரு முழம் தள்ளி வைப்பதே நல்லது.

காரைச் சுவரில் செங்கல்லைவிட இடையில் உள்ள சாந்து மென்மையானது. இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். பெட்டிக்கான கட்டத்துக்குள் பூச்சைக் கூரிய கத்தியாலும் தட்டை உளியாலும் கோடு கீறி எடுத்துவிட்டால் செங்கல் வரி தெரியும். பெட்டியை ஒரு விரற்கடை ஏற்றியோ இறக்கியோ அதன் மேல் ஓரம் சாந்து வரியில் வருமாறு அமைத்துக்கொண்டால், சாந்தைச் சுரண்டிவிட்டுச் செங்கல்லைச் சிறு சிறு துண்டுகளாக எடுக்கலாம். அரைக் கிலோ சுத்தியலும் முக்கால் அங்குல உளியும் போதும். அறையின் மட்டக்கோடு அடிக்கும் முன்பே ஓர் இடத்தில் இப்படித் திறந்து வரியைப் பார்த்துக்கொண்டால், எல்லாப் பெட்டிகளையும் அந்த வரிக்கே கொண்டுவந்துவிடலாம்.

பைப்புக்காகத் தார்சா சுவரில் மேலிருந்து கீழாக நீளக் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) எடுப்பதை நான் விரும்பவில்லை. மச்சின் விட்டங்களுக்குப் பக்கவாட்டில் பைப்பைக் கொண்டுவந்து, சுவர் மூலையிலோ கதவு நிலைக்கு அருகிலோ மட்டும் இறக்குங்கள். மரப்பட்டி இன்னும் உறுதியாக இருந்தால், அதில் உள்ள பழைய கம்பியை மட்டும் மாற்றிப் புதுக் கம்பி ஓட்டி, பெட்டிகளை மட்டும் பதிப்பதும் கௌரவமான வேலைதான். நூறு வயதை நெருங்கும் சுவரை வெட்டாமல் விட்டதற்காக யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அடைப்பதற்கும் சிமெண்டு வேண்டாம். காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மை கொண்டது. நடுவில் கெட்டியான சிமெண்டுச் சாந்தை அடைத்தால் ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு ஓரத்தில் வெளியேறும், அங்கே உப்புப் பூத்துப் பூச்சு உதிரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த மணல் போதும். சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். சில நாட்கள் தண்ணீர் தெளித்து ஈரம் காத்துக்கொண்டே இருக்க வேண்டும், அது வரை பெட்டியை அசைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நலம்.

பெட்டியைப் பதிக்கும் முறை இரண்டு சுவருக்கும் ஒன்றே. பள்ளத்தில் உள்ள தூசியைத் தூரிகையால் முழுவதும் தட்டிவிட்டு, தண்ணீர் விட்டு நனையுங்கள். காய்ந்த செங்கல் சாந்தில் உள்ள நீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராது. வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆடிக் காற்றில் வேலை செய்வோர் இரண்டு முறை நனைத்தாலும் தகும். பெட்டியின் திருகு துளைகளை டேப்பால் மூடி, உள்ளே காகிதத்தைத் திணித்துவிடுங்கள். பள்ளத்தின் அடியிலும் பக்கங்களிலும் சாந்தை வைத்துப் பெட்டியை அழுத்தி, செங்கல் சில்லால் நான்கு பக்கமும் ஆப்பு கொடுத்து, ரசமட்டம் பாருங்கள். பூச்சின் மேல் மட்டக்கட்டையை வைத்தால் பெட்டியின் விளிம்பு அதோடு ஒன்றியோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்வாங்கியோ இருக்க வேண்டும். இம்மியும் வெளியே நிற்கக் கூடாது, நின்றால் பிளேட் சுவரோடு ஒட்டாது. பிளாஸ்டிக் பெட்டியாக இருந்தால், சாந்தை அடைக்கும்போது பக்கங்கள் உள்ளே பிதுங்கிவிடும். அதற்குப் பிளேட்டின் உள்சட்டத்தை முன்கூட்டியே திருகி வைத்துக்கொண்டு அடைக்க வேண்டும்.

படுக்கையறையில் ஏற்கெனவே கெட்டுப்போன இரண்டுக்கும் பட்டி மருந்தாகாது. பட்டி என்பது மயிர்க்கோடு அளவுள்ள குறைகளுக்கு. பெயர்ந்த இடத்தின் ஓரங்களை நேராக வெட்டிச் சதுரமாக்கி, நனைத்து, ஒன்றுக்கு நான்கு சிமெண்டுச் சாந்தால் பூசி மணியாஸ் கட்டையால் தேய்த்துவிட வேண்டும். நீண்டுபோன வெட்டுக்கோடுகளை உளியால் சற்று அகலப்படுத்தி அதே சாந்தை அழுத்தி நிரப்புங்கள். அகலப்படுத்தாமல் மேலே தடவினால் வண்ணம் பூசிய சில மாதங்களில் கோடு மீண்டும் தெரியும்.

வீரவநல்லூர் வாசகி:

அண்ணாச்சிக்கும் அம்பைத் தம்பிக்கும் மனமார்ந்த நன்றி. தார்சாவில் மரப்பட்டியை வைத்துக்கொள்வது என்று வீட்டில் எல்லோரும் உடன்பட்டுவிட்டோம். பின்கட்டைப் பற்றி இன்னும் ஒன்று கேட்க வேண்டும். நாலரை அங்குல இடைச்சுவரின் ஒரு பக்கத்தில் மிக்சி, மாவரைக்கும் கிரைண்டருக்கான 16 ஆம்பியர் பிளக்கும், மறுபக்கத்தில் கட்டிலுக்கு அருகே 6 ஆம்பியர் பிளக்கும் நேருக்கு நேர் வருகின்றன. கட்டில் பக்கத்தில் மூன்று பெட்டிகளை ஒரே மட்டத்தில் வரிசையாக வைத்து, அவற்றைக் கிடைமட்டமாக ஒரு காடி வெட்டி இணைத்துவிடலாம் என்று யோசனை சொன்னார்கள். இன்னொரு பெட்டி கான்கிரீட் தூணின் மேல் விழுகிறது. இவை சரியாகுமா?

பாளை கட்டடப் பொறியாளர்:

அம்மா, மூன்றுமே மாற்றப்பட வேண்டியவை.

நாலரை அங்குலச் சுவரில் செங்கல்லின் கனம் ஏறத்தாழ 115 மி.மீ.; இருபுறப் பூச்சையும் சேர்த்தால் 140 மி.மீ. நேருக்கு நேராக இரண்டு பள்ளங்கள், ஒவ்வொன்றும் 55 மி.மீ. என்றால், நடுவில் மிஞ்சுவது 30 மி.மீ. செங்கல். இரண்டாவது பள்ளத்தை வெட்டும்போதே அது உடைந்து சுவரில் சன்னல் திறந்துவிடும். உடையாமல் தப்பினாலும் ஓர் அறையின் பேச்சு மறு அறையில் கேட்கும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே பக்கவாட்டில் குறைந்தது ஓர் அடி விலகல் கொடுங்கள்.

காடியின் ஆழத்துக்குக் கட்டுமானத்தில் நெடுங்காலமாகக் கைக்கொள்ளப்படும் வரம்பு ஒன்று உண்டு. செங்குத்தான காடி சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டக் கூடாது. உங்கள் இடைச்சுவருக்கு இது முறையே 38 மி.மீ., 19 மி.மீ. ஆகிறது. மேலிருந்து வரும் சுமை செங்குத்தாக இறங்குவதால், செங்குத்துக் காடி அதன் பாதையோடு இணையாகப் போகிறது. கிடைமட்டக் காடியோ அந்தப் பாதையைக் குறுக்கே அறுத்து, மிஞ்சிய பகுதியின் மேல் சுமையைச் சாய்க்கிறது. மெல்லிய சுவரில் நீளமான கிடைமட்டக் காடி விரிசலுக்கு நாமே கோடு போட்டுக் கொடுப்பதாகும். பைப்புக்கு மேல் சாந்து பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டராவது நிற்க வேண்டும் என்பதால், 25 மி.மீ. பைப்பை அந்த 19 மி.மீ. ஆழத்தில் ஒழுங்காக மூடவும் முடியாது. மூன்று பெட்டிகளுக்கும் தனித்தனியாக மேலிருந்து பைப்பை இறக்குங்கள். அல்லது மூன்றையும் ஒரே பெரிய மாடுலர் பெட்டியாக்கி ஒரே பைப்பை இறக்குங்கள். எனக்குப் பின்னதே பிடிக்கிறது, வெட்டு குறைகிறது. காடியை அடைத்த பின் அதன் இருபுறமும் சுவரைப் பிடிக்குமாறு கோழிவலையை ஆணியடித்துப் பூசினால் காடியின் தடத்தில் மயிரிழை வெடிப்பு வராது.

தூணைத் தொடவே கூடாது. தூணின் கம்பிகளுக்கு மேல் வழக்கமாக 40 மி.மீ. கான்கிரீட்தான் மூடியிருக்கும், 55 மி.மீ. பள்ளம் என்றால் வளையக் கம்பியை அறுக்காமல் முடியாது. அறுபட்ட வளையத்தைப் பின்னர் சரிசெய்ய எளிய வழி கிடையாது. உத்திரமும் லிண்டலும் அவ்வாறே. பெட்டியைத் தூணின் ஓரத்திலிருந்து அரை அடி தள்ளிச் செங்கல்லில் வையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு: ஹாலோ பிளாக் சுவராக இருந்தால் உளியை வைத்து அடிக்கவே வேண்டாம், ஓடு முழுவதுமாகப் பிளந்துவிடும். டிரில் துளைகளை நெருக்கமாகப் போட்டு அந்த ஓட்டுப் பகுதியை மட்டும் எடுத்து, உள்ளே இருக்கும் வெற்றிடத்தில் செங்கல் சில்லும் சாந்தும் அடைத்துப் பெட்டிக்குப் பிடிப்பு உண்டாக்க வேண்டும்.

நெல்லை ஜங்ஷன் குடியிருப்பாளர்:

உயரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் ஒரு சொல். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகியபோது எங்கள் தெருவில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பதித்திருந்த பிளக் பெட்டிகள் அனைத்தும் மூழ்கின. வண்டலும் துருவும் ஏறிப் பிறகு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. இப்போது எங்கள் தெருவில் பலர் கீழ்த்தளத்துப் பிளக்குகளைச் சுவிட்சோடு சேர்த்து நாலடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஆற்றங்கரையிலோ குளத்தின் உபரிநீர் வழியும் கலிங்குக்குக் கீழேயோ வீடு இருப்பவர்கள் சுவரை வெட்டுவதற்கு முன்பே இதை யோசிக்க வேண்டும். பைப்பையும் தரைவழியாகக் கொண்டுவந்து மேலேற்றாமல், தளத்திலிருந்து கீழே இறக்கினால் பைப்புக்குள் தண்ணீர் தேங்காது.

அம்பை மின்பணியாளர்:

அக்கா, பொறியாளர் ஐயா சொன்ன பெரிய பெட்டிக்கு ஒரு சேர்க்கை. நீளம் கூடக் கூடக் கிரைண்டர் நீளவாக்கில் நன்றாக இறங்கும். ஆனால் உயரம் அதே 75 மி.மீ.தான் என்பதால் இரு பக்கங்களிலும் பழைய விதியே. நீளமான கோடுகளில் மூலைக்கு 30 மி.மீ. முன்பே தகட்டை நிறுத்திவிட்டு மிச்சத்தை டிரில்லுக்கு விடச் சொல்லுங்கள். உலோகப் பெட்டியாக வாங்கினால் அதற்கு எர்த் கம்பி கட்டாயம் இணைக்கப்பட வேண்டும். பெட்டிக்குள்ளேயே அதற்கான திருகு இருக்கும்.

செங்கல், சிமெண்டுத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, காலப்போக்கில் மீளாத நோயாக முற்றுகிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெட்டுவது எங்கள் தொழிலில் இன்னும் வழக்கமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசமும் கண்ணாடியும் வீட்டுக்காரரே வாங்கிக் கொடுத்தால் வேலை செய்பவர் மறுக்க மாட்டார். வெட்டும் அறையில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்க வேண்டாம்.

சாந்து அடைத்ததும், அது இறுகுவதற்கு முன்பாகவே பிளேட்டை ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சாய்வு இருந்தால் அந்த நேரத்தில் கையாலேயே திருத்திவிடலாம். கம்பி இழுப்பதைப் பூச்சு முழுவதும் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.